வீட்டு வளவில் ஒரு சிறு தடாகம்

ஊருக்கு அழகு குளம். கோயிலுக்கு அழகு கேணி. அவ்வாறே வீட்டுக்கு அழகு அதன் பின்வளவில் அமைந்த சிறு தடாகம் என்று நாம் கூறினால், அதனை மிகைக்கூற்று என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், மாலை வேளையில் அல்லி அரும்பு இதழ் விரிப்பதையும், தும்பி ஒன்று நீரின்மேல் தாழப் பறந்து முட்டையிடுவதையும், சிறு மீன்கள் நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் ஓடி விளையாடுவதையும் ஒரு முறை அமைதியாக இருந்து பார்த்தவர்கள் நமது கூற்றை மறுக்க மாட்டார்கள்.

நீர்நிலைகளைப் போற்றுவது நமது நாட்டுக்குப் புதிதன்று. அநுராதபுரத்து இரட்டைப் பொய்கைகளையும் சிகிரியாவின் நீர்ப் பூங்காக்களையும் கண்டு வியவாதார் யார்? யாழ்ப்பாணத்திலே, நல்லூரிலுள்ள யமுனா ஏரி ‘ப’ வடிவில் அமைந்து, தமிழ் மன்னர் காலத்தை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலே, வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும் நிலையிலே, கிணறும் கேணியும் துரவும் குளமுமே மக்களுக்கு உயிர்நாடியாக விளங்கின. அந்தப் பெருமரபின் ஒரு சிறு துளியை நமது வளவுக்குள்ளும் காண விரும்பியே இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஒரு தடாகம் அமைக்கலானோம். அதனால் நாம் பெற்ற இன்பமும் உண்டு. பட்ட துன்பமும் உண்டு. இரண்டையும் ஒளிக்காது கூறுவதே வாசகர்க்குப் பயன்தரும்.

இடமும் அளவும்

தடாகம் அமைக்க விரும்புவோர் முதலிற் கவனிக்க வேண்டியது இடம். பெருமரத்தின் கீழே நிழல் உண்டென்று எண்ணி அங்கே தோண்டுதல் தவறு. மாவிலையும் வேப்பஞ்சருகும் ஓயாது நீரில் வீழ்ந்து அழுகும். அன்றியும், அல்லியும் தாமரையும் வெயிலை நாடும் செடிகள். நாளொன்றுக்கு ஐந்து ஆறு மணி நேரமாவது வெயில் படாத இடத்தில் அவை இலை விடுமேயன்றிப் பூ விடா. காலை வெயில் முழுவதும் பட்டு, உச்சி சாய்ந்தபின் சிறிது நிழல் விழும் இடமே உத்தமம்.

வளவின் மிகத் தாழ்ந்த மூலையும் ஏற்றதன்று. மாரி மழை பெய்யும்போது மிளகாய்த் தோட்டத்துக்கும் வெங்காயப் பாத்திக்கும் இட்ட உரமும் மருந்தும் கரைந்து அங்கேதான் வந்து சேரும். ஆதலால் தடாகத்தின் விளிம்பை நிலமட்டத்திலிருந்து அரை அடியாவது உயர்த்திக் கட்டுதல் நன்று.

நாம் அமைத்தது எட்டு அடி நீளமும், ஐந்து அடி அகலமும், இரண்டு அடி ஆழமும் உடையது. கணக்கிற் சிறந்த மாணவர்கள் இதன் கொள்ளளவை உடனே கூறிவிடுவார்கள்: 80 கன அடி, அதாவது ஏறத்தாழ 500 கலன், அல்லது 2,265 லீற்றர். இரண்டு அடிக்குக் குறைந்த ஆழமாயின் நண்பகலில் நீர் கொதித்துவிடும். அதனின் மிக்க ஆழம் சிறுவர் உள்ள வீட்டுக்கு ஆகாது. குடாநாட்டு நிலத்தின் அடியிலுள்ளது சுண்ணாம்புக் கல்லாதலின், வெறுங்குழியில் நீர் நில்லாது. சீமெந்து பூசியே ஆகவேண்டும்.

புதுச் சீமெந்தில் ஒரு தீங்கு உண்டு. அதிலுள்ள சுண்ணாம்பு நீரிற் கரைந்து, மீனின் செவுளை எரிக்குமளவுக்கு நீரைக் காரமாக்கிவிடும். எங்கள் மேசனார் இதற்கு ஒரு பழைய வழி கூறினார். தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, சில நாட்கள் ஊறவிட்டு, அந்நீரை முற்றாக இறைத்துவிட வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்து, ஏறத்தாழ மூன்று வாரங்கள் சென்றபின்னரே தொட்டி உயிர்கள் வாழத் தகுதி பெறும். நாமும் அவ்வாறே செய்தோம்.

அவசரத்தின் விலை

ஆயினும், அதற்குப் பின் நமது பொறுமை நம்மைக் கைவிட்டது. நல்ல நீர் நிரப்பிய மூன்றாம் நாளே கடையிலிருந்து பன்னிரண்டு பொன்மீன்களை வாங்கி விட்டோம். பிள்ளைகளுக்கோ பேரானந்தம். காலையில் ஒருவர் பாண் துண்டு போட, மாலையில் மற்றொருவர் சோற்றுப் பருக்கை போட, மீன்களுக்கு நாள்தோறும் விருந்துதான். இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை இரண்டு மீன்கள் வெண்வயிறு மேலாக மிதந்தன. அடுத்த வாரத்துக்குள் ஒன்பது மீன்கள் மாண்டன. பிள்ளைகள் அவற்றை வாழையடியிற் புதைத்துவிட்டு அழுதபோது நமக்கும் நெஞ்சு கனத்தது.

காரணம் யாது? நீர் தெளிவாகவே இருந்தது. நோய் எதுவும் தோன்றவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு அதில் பெருகியிருந்தது. மீன்களின் கழிவிலிருந்தும், உண்ணாமல் எஞ்சி அழுகும் உணவிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. பழகிய குளத்தில் அந்த அமோனியாவை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்று ஆக்குகின்றன. வேறொரு வகை அதனை நைத்திரேற்று ஆக்குகின்றன. முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு, பின்னையதோ பெருந்தீங்கு செய்யாதது, செடிகளுக்கு உணவுமாவது. இப்பற்றீரியாக்கள் தொட்டியின் சுவரிலும் கல்லிலும் படிந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். நாமோ மூன்றாம் நாளே பன்னிரண்டு மீன்களை விட்டு, அவற்றுக்கு விருந்தும் வைத்தோம்! குடியிருக்க வீடு கட்டிவிட்டு, கழிவு செல்ல வழி செய்யாதவன் நிலையே நமது நிலை.

அன்று கற்ற பாடம் இது: முதலிற் செடிகளை நடுக, பின்னர் ஓரிரு மீன்களை மட்டும் விடுக, ஒரு மாதத்துக்கு மேல் சென்றபின் சிறிது சிறிதாக எண்ணிக்கையைக் கூட்டுக. இன்று எமது தடாகத்தில் இருப்பவை ஆறு பொன்மீன்களும், எண்ணி முடியாத கப்பி மீன்களுமே. கொழும்பு போன்ற நகரங்களிற் குழாய்நீர் பயன்படுத்துவோர், அந்நீரை ஓரிரு நாட்கள் அகன்ற பாத்திரத்தில் வெளியில் வைத்து, குளோரீன் நீங்கிய பின்னரே தடாகத்துக்குச் சேர்த்தல் வேண்டும்.

செடிகளின் சிறப்பு

அல்லியை நேரே தடாகத்தின் அடியில் நடவேண்டியதில்லை. வாயகன்ற மண்சட்டியில் களிப்பாங்கான தோட்ட மண்ணை இட்டு, கிழங்கை நட்டு, மேலே சிறு கற்களைப் பரப்பி, சட்டியோடு நீரில் இறக்கிவிடலாம். கற்கள் இல்லாவிடில் பொன்மீன்கள் மண்ணைக் கிளறி நீரைக் கலக்கிவிடும். புதுச் சாணத்தை மண்ணோடு கலத்தல் ஆகாது. அது நீரைப் பச்சையாக்கும்.

வெள்ளல்லியும் செவ்வல்லியும் இரவில் மலர்ந்து மறுநாள் முற்பகலில் குவியும். நீலநிற நெய்தலோ பகலில் மலர்வது. இந்நீல மலரையே 1986 ஆம் ஆண்டில் இலங்கை தனது தேசிய மலராக ஏற்றுக்கொண்டது. இருவகையும் ஒரே தடாகத்தில் இருப்பின், ஒன்று உறங்கும்போது மற்றொன்று விழித்திருக்கும் விந்தையைப் பிள்ளைகள் கண்டு மகிழ்வர்.

இடமுள்ளவர்கள் தாமரையும் வளர்க்கலாம். தாமரையிலையில் நீர் ஒட்டாது என்பது நமது முன்னோர் பலகாலம் உவமையாகக் கூறிவந்த உண்மை. அதன் காரணத்தை 1997 ஆம் ஆண்டில் ஜேர்மன் தாவரவியலறிஞர் பார்த்லொட் என்பவர் தமது துணைவரோடு விரிவாக விளக்கினார். இலையின்மேல் மெழுகு படர்ந்த நுண்ணிய மேடுகள் எண்ணற்றவை உள்ளன. நீர்த்துளி அம்மேடுகளின் நுனியில் மட்டுமே தங்குவதால் பரவாது உருண்டோடி, தூசியையும் தன்னுடன் கொண்டு செல்கின்றது. வீட்டுத் தடாகத்திலேயே மாணவர்கள் சிறிது சாம்பலை இலையில் தூவி, நீர் தெளித்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

மிதக்கும் இலைகள் நீர்ப்பரப்பின் பாதியை மூடியிருத்தல் நன்று. பச்சைப்பாசிக்கு வேண்டியவை வெயிலும் உரமும். இலைகள் வெயிலை மறைக்கின்றன. வேர்கள் உரத்தை உறிஞ்சுகின்றன. பாசி தானே அடங்குகின்றது. நீரினுள் வளரும் வேலம்பாசி பகலில் ஒட்சிசனையும் தரும். ஆனால் இரவில் எல்லாச் செடிகளும் ஒட்சிசனை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையிலேயே அது நீரில் மிகக் குறைவாக இருக்கும். மேலும், வெப்பநீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். கோடையில் அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், அது பசியினாலன்று. மூச்சுத் திணறலினால் ஆகும். அப்போது உணவு போடாது, ஒரு வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்றுக் கலந்து மீன்கள் பிழைக்கும்.

பழி வந்த நாள்

இனி நாம் கூறவிருப்பதே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி.

தடாகம் அமைந்த அவ்வாண்டு மார்கழியில், அடுத்த வளவிலுள்ள ஆறு வயதுச் சிறுவனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. வைத்தியசாலையில் டெங்குக் காய்ச்சல் என்று கூறினார்கள். நாம் பார்க்கச் சென்றபோது, அவனுடைய பாட்டியார் வாசலில் அமர்ந்திருந்தார். வழக்கமாக நம்மைக் கண்டால் முகம் மலர்பவர், அன்று தலை நிமிராமலே, “தம்பி, உங்கடை குளத்தாலைதானோ பிள்ளைக்கு இந்தக் காய்ச்சல்?” என்று கேட்டார். அச்சொல்லில் கோபம் இல்லை, அச்சமே இருந்தது. அதனால் அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளானதும், பலர் உயிரிழந்ததும் நினைவுக்கு வந்தன. 1934, 35 ஆம் ஆண்டுகளில் மலேரியாவினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டதையும் நினைத்தோம். ஒரு பிள்ளையின் உயிருக்கு முன்னால் அல்லியும் அழகும் எம்மாத்திரம்? பொழுது விடிந்ததும் தடாகத்தை மண்ணிட்டு மூடிவிடுவதென்றே முடிவு செய்தோம்.

ஆனால் விடிந்ததும் வந்தவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருத்தல் 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும். நாம் அவரை நேரே தடாகத்துக்கு அழைத்துச் சென்றோம். அவர் ஒரு வெள்ளைக் கிண்ணத்தால் பல இடங்களில் நீரை மொண்டு, வெயிலில் பிடித்து உற்றுப் பார்த்தார். ஒரு குடம்பியேனும் இல்லை. “மீன் உள்ள தண்ணீரில் நுளம்பு தப்பாது” என்று கூறிவிட்டு, வளவைச் சுற்றி நடந்தார்.

கிணற்றடிக்குப் பின்னால், வாழைகளின் மறைவில், ஒரு பிளாஸ்திக் பேசின் இருந்தது. மேலதிகமான அல்லிக் கன்றுகளை வளர்ப்பதற்காக நாமே வைத்தது அது. அதில் மீன் விடவில்லை. தெளிந்த மழைநீரில் நெளிந்தவை நூற்றுக்கணக்கான குடம்பிகள்! பாட்டியாரின் வளவிலும் தேங்காய்ச் சிரட்டைகளிலும், பூச்சாடியின் அடித்தட்டிலும் அவை இருந்தன. சிறுவனைக் கடித்த நுளம்பு எந்த வளவில் பிறந்தது என்பதை எவராலும் கூற முடியாது. ஆனால் எமது வளவில் பிறந்திருக்க முடியாது என்று சொல்லும் உரிமை நமக்கு அன்றோடு இல்லாமற் போயிற்று.

நாம் அதனை மறைக்கவில்லை. பேசினைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, பாட்டியாரிடம் சென்று கண்டதைக் கண்டவாறே கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “என்ரை சிரட்டையளும் கிடந்ததுதானே, தம்பி” என்றார். ஐந்து நாட்களின் பின் சிறுவனின் காய்ச்சல் தணிந்தது. அடுத்த வாரம் அவன் வீடு திரும்பினான்.

நுளம்பும் மீனும்

டெங்குவைப் பரப்பும் நுளம்பு பெருங்குளங்களை நாடுவதில்லை. சிரட்டை, தகரப்பேணி, தயர், பூச்சாடித் தட்டு, நீர்த்தொட்டி முதலியவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே அதற்குப் பிரியமானது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாட்களே போதும். அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றிய பின்னரும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் நீரைக் கொட்டிவிடுவது மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்.

2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆயினும் அவ்வாண்டின் இறுதியிலேயே, மலேரியாவைப் பரப்பவல்ல புதியவகை நுளம்பு ஒன்று மன்னாரில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்று நீரிலும் முட்டையிடுவது. அத்தகைய கிணறுகளிற் குடம்பிகளை அழிப்பதற்குக் கப்பி மீன் உதவுகின்றது. மாதமொரு முறை குட்டிபோட வல்லதும், வெப்பத்தைத் தாங்க வல்லதுமான அச்சிறு மீன், குடம்பிகளை விரும்பி உண்பது. நமது ஓடைகளிலே தலைமேல் வெள்ளிப்புள்ளி மின்ன நீர்மட்டத்தில் திரியும் உள்நாட்டுச் சிறுமீனும் இவ்வேலையைச் செய்யும். தும்பியின் குஞ்சுகளும் நீரினுள் இருந்து குடம்பிகளை வேட்டையாடும். உயிரோட்டமுள்ள தடாகம் நுளம்புக்குப் பொறி. கவனிப்பாரற்ற தடாகமோ நுளம்புக்குத் தொட்டில். எல்லாம் பராமரிப்பவர் கையிலேயே உள்ளது.

பராமரிப்பு முறை

நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். மீன்கள் ஐந்து நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவு இடுக. உதிர்ந்த இலைகளை அகற்றுக. கோடையில் வெயிலால் நாளொன்றுக்குக் கால் அங்குலம் வரை நீர் குறையக்கூடும். ஓரிரு வாளி நீர் சேர்த்தால் அது நிரம்பும்.

வாரமொருமுறை பழுத்த அல்லியிலைகளைத் தண்டோடு களைக. அத்துடன் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்து மாற்றுக. எடுக்கும் நீரை வீணாக்க வேண்டா. அது வாழைக்கும் கத்தரிக்கும் நல்ல உரம். வளவு முழுவதையும் ஒரு முறை சுற்றிவந்து, நீர் தேங்கும் பாத்திரங்களைக் கவிழ்ப்பதும் அன்றைய கடமையே.

ஆண்டுக்கொருமுறை, மாரி தொடங்குவதற்கு முன்னர், அடியிற் படிந்த சேற்றை அள்ளுக. ஆனால் தொட்டி முழுவதையும் தேய்த்து வெளுக்க வேண்டா. சுவரில் வாழும் நற்பற்றீரியாக்கள் அதனோடு அழிந்துவிடும். சவர்க்காரம் படவே கூடாது.

இரண்டு எச்சரிக்கைகளை வற்புறுத்திக் கூறுவோம். முதலாவது: குறுநடை நடக்கும் குழந்தை அரை அடி நீரிலும் மூழ்கி இறக்கக்கூடும். அத்தகைய குழந்தைகள் உள்ள வீட்டில் வலுவான வேலியும் பூட்டக்கூடிய படலையும் இல்லாது தடாகம் அமைத்தலே ஆகாது. இரண்டாவது: வேண்டாத மீனையும் செடியையும் ஊர்க்குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். ஆற்றுவாழை என்றும் ஆகாயத்தாமரை என்றும் நாம் கூறும் செடி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகவே இந்நாட்டுக்கு வந்தது. 1909 ஆம் ஆண்டிலேயே அதனை ஒழிக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 1939 ஆம் ஆண்டில் தாவரவியற் கல்வியின் பொருட்டுக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, வயலையும் குளத்தையும் மூடியது. கண்ணாடித் தொட்டிக்கென வாங்கப்பட்ட மீன்கள் சில இன்று தென்னிலங்கை நீர்நிலைகளிற் பெருகி, உள்நாட்டு மீன்களை விழுங்குகின்றன. கப்பியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. அதுவும் நமது வேலிக்குள்ளேயே இருக்கட்டும்.

மாலை வேளையில்

இப்போது எமது தடாகத்தின் அருகே கல்லிருக்கை ஒன்று உண்டு. மாரி இரவுகளில் தவளைகள் பாட, கோடைக் காலையில் மீன்கொத்தி ஒன்று வேலியில் வந்தமர்ந்து எமது பொன்மீன்களைக் கணக்கெடுக்கின்றது. ஒன்றை அது கொண்டு சென்றதும் உண்டு. அதனையும் நாம் பொறுத்துக்கொண்டோம். குளம் என்றால் விருந்தாளிகள் வரத்தானே செய்வார்கள்?

அடுத்த வளவுச் சிறுவன் மாலைதோறும் பாட்டியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வருகின்றான். அல்லி விரியும்வரை அவன் அசையாது அமர்ந்திருப்பான். அண்மையில் ஒருநாள் பாட்டியார் ஒரு செம்பை நீட்டி, “தம்பி, எங்கடை தொட்டிக்கும் நாலு கப்பி தாருங்கோ” என்று கேட்டார். நாம் பத்து மீன்கள் கொடுத்தோம். சிறுவன் செம்பை இரு கைகளாலும் ஏந்தி, ஒரு துளியும் சிந்தாமல் மெல்ல மெல்ல நடந்து சென்றான்.